கிழக்கு எல்லை கடல்

"கடல் எந்தப் பக்கம்?"

அக்கா என்னிடம் இரண்டாவதாகக் கேட்ட கேள்வி இது. ஆக்லாந்துக்குத் தெற்கே பாபகூராவில் ஒரு ரெஸ்ட் ஹோமில், அதாவது முதியோர் இல்லத்தில், நான் நர்ஸாகச் சேர்ந்த முதல் நாள். சாப்பாட்டு நேரத்தில் புளிசாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்த கேர்கிவர் அம்மாள் என் பெயரைக் கேட்கவில்லை. என்ன விசா, எவ்வளவு வாடகை என்றும் கேட்கவில்லை. "எந்த ஊர் பிள்ளை?" என்றார். கரூர் என்றேன். உடனே கடலுக்குப் போய்விட்டார்.

"கரூர்ல கடலே இல்லக்கா."

"கடல் இல்லாமல் ஊரிலை எப்பிடித் திசை பாக்கிறனீங்கள்?"

"பஸ் ஸ்டாண்டை வச்சுதான்."

அக்கா என்னை மிகுந்த அனுதாபத்தோடு பார்த்தார். ஆனால் விடவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம் ஆறு, ஆற்றுக்கு எந்தப் பக்கம் கோயில், கோயிலிலிருந்து எத்தனையாவது தெரு, வீட்டுக்குப் பின்னால் யார் வீடு என்று துளைத்து எடுத்தார். வடக்கே யார் வீடு என்று எனக்குத் தெரியவில்லை. ஊரில் அம்மாவுக்கு விடிந்தும் விடியாத நேரம். "ஒருக்கால் எடுத்துக் கேளும் பிள்ளை" என்று அக்கா நச்சரித்ததில் போன் போட்டு எழுப்பிக் கேட்டேன். அம்மா திட்டிக்கொண்டே சொன்னாள். இடைவேளை முடிவதற்குள் ஒரு பேப்பர் நாப்கினில் எங்கள் வீட்டின் நான்கு எல்லைகளும் ஏறிவிட்டன. அந்த நாப்கின் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவருக்கே பெயர்களின் மேல் பெரிய மதிப்பு கிடையாது. "பேரை ஆரும் வைக்கலாம் பிள்ளை. நீ எல்லையைச் சொல்லு" என்பார்.

யாழ்ப்பாணத்தில் காங்கேசன்துறைப் பக்கம் அவருக்கு. கல்யாணத்துக்கு முன் ஒரு நொத்தாரிசிடம், அதாவது நோட்டரி வக்கீலிடம், உறுதி எழுதும் வேலை பார்த்தவர். நாம் பத்திரம் என்பதை அவர்கள் உறுதி என்கிறார்கள். கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என்று நான்கு எல்லையையும் சொல்லி, உள்ளே நிற்கும் பனை எத்தனை, கிணற்றில் பங்கு எவ்வளவு, வழியில் யாருக்கு உரிமை என்பதெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி, கடைசியில் இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குவார்களாம். அந்த வேலை அவருடைய ரத்தத்தில் ஊறிவிட்டது. ஆங்கிலமும் பழைய ஆங்கில உறுதிகளைப் படித்துக் கற்றதுதான். ஆகவே ரெஸ்ட் ஹோமில் எண்பது வயது வெள்ளைக்காரப் பாட்டிகளிடம் "மேற்படி தேநீரை அருந்துவீராக" என்கிற தோரணையில்தான் பேசுவார். பாட்டிகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். தங்களை யாரோ கோர்ட்டில் வைத்து மரியாதை செய்வதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து குடிப்பார்கள்.

இங்கே வருவதற்கு முன் விரி என்கிற பகுதியில் ஒரு கிட்டங்கியில் வேலை செய்தார். அங்கே ரேக்குகளுக்கு எண்களும் எழுத்துகளும் உண்டு. அக்கா அவற்றை மதிக்கவே இல்லை. சோப்புத்தூளுக்கு வடக்கே டயப்பர், டயப்பருக்குக் கிழக்கே நாய்ச்சாப்பாடு என்று மனசுக்குள் உறுதி எழுதி வைத்திருந்தார். சூப்பர்வைசர் இரண்டு முறை எச்சரித்தானாம். மூன்றாவது முறை எச்சரிக்க இருந்த வாரத்தில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. வாசலில் லாரிகள் வரிசையாக நிற்க, எது எங்கே இருக்கிறதென்று அக்கா ஒருத்தர்தான் நின்ற இடத்திலிருந்து கை காட்டினார். "அண்டைக்கு அவன் என்னை மேடம் எண்டவன்" என்று சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்.

வீடு நகரத்தின் மறுபக்கம், ஏவன்டேலில். அங்கிருந்து பாபகூராவுக்கு ரயில் மாறி வர வேண்டும். பக்கத்தில் வேலை தேடிக்கொள்ளலாமே என்று கேட்டால், "ரயிலிலை வந்தால்தான் ஊர் பிடிபடும்" என்பார். ஏவன்டேல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கொத்தமல்லி வாங்கினாலும் இதே கதைதான். தோட்டம் எங்கே, அதுக்கு மேற்கே என்ன, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று விற்கிறவரிடம் கேட்டுக் கேட்டுப் பின்னால் நிற்கிறவர்கள் பெருமூச்சு விடுவார்கள். அவருடன் சந்தைக்குப் போவது எனக்கு ஒரு தண்டனை. நான் தள்ளிப் போய் நின்றுகொள்வேன்.

சுருக்கமாகச் சொன்னால், எல்லை தெரியாத இடத்தை அக்காவால் தாங்க முடியாது. இதை நான் ஒரு வியாதி என்றுதான் நினைத்திருந்தேன். தபால்காரர் விஷயத்தில்தான் என் புத்திக்கு உறைத்தது.

தபால்காரர் என்று நாங்கள் கூப்பிட்டது பதினோராம் அறையில் இருந்த ஸ்காட்லாந்துப் பெரியவரை. தொண்ணூறை நெருங்கியவர். அங்கே கடலோரத்தில் ஒரு சின்னக் கிராமப்பகுதியில் கால்நடையாகத் தபால் கொடுத்தவர், கல்யாணமான கையோடு மனைவியைக் கூட்டிக்கொண்டு கப்பலேறி ஆக்லாந்து வந்துவிட்டார். ஞாபகம் மெல்ல மெல்லக் கரைந்துகொண்டிருந்தது. பேச்சு நின்று மாதங்கள் ஆகியிருந்தன. அவருடைய மனைவி அதே வளாகத்தில், பின்பக்கக் கட்டடத்தில் படுக்கையில் இருந்தார். காலையில் அவரைக் கூட்டிப் போய் மனைவி பக்கத்தில் உட்கார வைப்போம். சில நாள் கையைப் பிடித்துக்கொள்வார். சில நாள் யாரோ ஒரு அம்மாளுக்கு வணக்கம் சொல்வதுபோலத் தலையசைப்பார். அந்த அம்மாளும் அதிகம் பேச மாட்டார். இவரைப் பார்த்தால் மட்டும் சிரிப்பார்.

அக்கா அவருக்குக் கஞ்சி ஊட்டப் போன முதல் நாளே கடல் எந்தப் பக்கம் என்று கேட்டார். மறுநாளும் கேட்டார். ஒரு வாரம் கேட்டார். சுவரில் ஒரு பழைய போட்டோ இருந்தது. ஒரு கல் தேவாலயம், ஒரு மதில், பின்னால் கடல். அக்கா அதைப் பார்த்துத் தானே ஒரு உறுதி எழுதிவிட்டார். காங்கேசன்துறையில் கடல் வடக்கே. எனவே உலகத்தில் எங்கேயும் கடல் வடக்கேதான் இருக்க வேண்டும் என்பது அவருடைய கை பழகிப்போன முடிவு. ஒரு ஸ்பூன் கஞ்சியைக் கொடுத்துவிட்டு, சத்தமாக வாசித்தார்:

"வடக்கு எல்லை, கடல்."

"கிழக்கு!"

அறை அதிர்ந்தது. வராந்தாவில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்த நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். கஞ்சிக் கிண்ணம் தரையில் கிடந்தது. தபால்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முகம் சிவக்க, ஜன்னலைக் கை காட்டிக்கொண்டிருந்தார். "கிழக்கு! கடல் கிழக்கே இருக்கிறது, பெண்ணே! நீ எந்த முட்டாளிடம் கேட்டு எழுதினாய்?"

அக்கா பேனாவை எடுத்துத் திருத்தினார். "மன்னிக்க வேணும். கிழக்கு எல்லை கடல். அப்ப வடக்கிலை ஆர்?"

அவர் சொன்னார். அத்தனை மாதம் கழித்து அந்த மனிதர் முழு வாக்கியம் பேசினார். அன்றைக்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைப்பதற்காகத் தரையைத் துடைத்தேன். ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. அவர் கிழக்கு என்று கை காட்டிய ஜன்னல் மேற்கே பார்த்தது. அந்தப் பக்கம் மானுகாவ் கடலின் ஒரு உப்பங்கழி பாபகூரா வரைக்கும் உள்ளே நீண்டு கிடக்கிறது. திசையே குழம்பிப் போயிருக்கிறது பாவம் என்று பதிவேட்டில் எழுதினேன்.

அதற்குப் பிறகு அக்கா கண்டுபிடித்த வழி ஒன்றுதான். தினமும் வேண்டுமென்றே ஒரு தப்பைச் செய்வார். "தெற்கு எல்லை, தேவாலயம்" என்று வாசிப்பார். அவர் பொறுக்க மாட்டாமல் திருத்துவார். இப்படித் திருத்தித் திருத்தியே அந்த மொத்த ஊரும் எங்கள் மெனு காகிதங்களின் பின்பக்கத்தில் எழும்பியது.

அவர் தன் ஊரை 'பாரிஷ்' என்று சொன்னதும் அக்கா துள்ளிவிட்டார். "அது கோயிற்பற்று பிள்ளை! எங்கட பழைய உறுதியளிலை அப்பிடித்தான் வரும். ஒரு கோயில், அதைச் சுத்தின ஊர்களெல்லாம் ஒரு பற்று. இவையளும் எங்களை மாதிரித்தான்!" அன்றிலிருந்து தபால்காரர் அவருக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார்.

அந்தக் கோயிற்பற்றுக்குக் கிழக்கே கடல். வடக்கே ஒரு ஓடை. தெற்கே ஒரு சின்ன ஆறு, அதன் வாயில் சால்மன் மீனைப் பனிக்கட்டியில் வைக்கிற மண் மூடிய கல் வீடு. மேற்கே புதர் மண்டிய குன்றுகள். குன்றுகளின் அடியில் ஒரு பள்ளத்தாக்கு. அங்கே ஒரு காலத்தில் நிறையக் குடும்பங்கள் இருந்தனவாம். நிலம் ஒரு பெரிய பிரபுவுக்குச் சொந்தம். மனிதர்களைவிட ஆடு லாபம் என்று அவருக்கு ஒரு நாள் தோன்றியிருக்கிறது. எல்லோரையும் கிளப்பிக் கடற்கரைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு துண்டு கல் நிலத்தைக் கொடுத்து, இனி மீன் பிடித்துப் பிழையுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். படகையே பார்த்திராத ஆட்கள். தபால்காரரின் பாட்டனுக்குப் பாட்டன் அப்படி வந்தவர்.

அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அவையளிட்டை உறுதி இருந்ததோ?"

"இல்லை. யாரிடமும் ஒரு காகிதமும் இல்லை."

அக்கா பேனாவை மூடினார். வெளியே வந்து கை கழுவும்போது என்னிடம் சொன்னார்: "எங்களிட்டை உறுதி இருந்தது பிள்ளை. எண்டாலும் காணி ஆமிக்காரன்ரை முள்ளுக்கம்பிக்கு அங்காலை போயிட்டுது. இருவத்தஞ்சு வரியமாப் போய்ப் பாக்கேலாமல் கிடந்தது. நாலு எல்லையும் எனக்குப் பாடம். நித்திரையாலை எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவன். ஆரும் மறந்தாத்தானே அது இல்லாமல் போகும்?"

நான் தள்ளிப் போய் நின்ற சந்தைகளெல்லாம் எனக்கு அப்போது ஞாபகம் வந்தன. வெட்கமாக இருந்தது.

நாளாக ஆக ஊர் நிறைந்தது. ஒரு முறை தேவாலயத்துக்குள் சண்டை வந்து பாதிப்பேர் எழுந்து வெளியே போய், தனிக் கோயில் கட்டும்வரை கடற்கரை மணலில் நின்றே பிரார்த்தனை செய்தார்கள். ஹெர்ரிங் மீன் கொட்டிய காலத்தில் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு நாள் முழுக்க மீன் அரிந்து உப்பில் அடுக்கினார்கள். ஆசையாகக் கட்டிய துறைமுகம் மணல் மூடிப் போனது. மீனும் போனது. இளசுகள் கப்பலேறின. கடைசியாக, கடலுக்குள் இருந்த ஒரு திட்டு. அதில் இடிந்த பழைய கோயில் ஒன்று, வீடுகள் நான்கு. அந்த நான்கு வீட்டுக்கும் இவர்தான் தபால் கொண்டுபோவார்.

"வள்ளத்திலையோ?"

"நடந்து."

"கடலிலை நடந்தோ?" என்று அக்கா சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. அக்காவும் அதை அப்போது விட்டுவிட்டார். "ஒரு நாளும் பிந்தினதில்லையோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரே ஒரு நாள். நாலாவது வீட்டில்" என்றார் தபால்காரர். அவ்வளவுதான். அன்றைக்கு வேறொன்றும் சொல்ல மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டார்.

பேச்சு வந்த பிறகுதான் அந்தத் தொல்லையும் வந்தது. திடீரென்று எழுந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, வெளியே போகப் பார்ப்பார். ஒரு நாள் காலையில், ஒரு நாள் மத்தியானத்தில், ஒரு நாள் தேநீர் நேரத்தில். எப்போது என்று யாருக்கும் தெரியாது. யாராவது பார்வையாளர் கதவைத் திறக்கும்போது பின்னாலேயே நழுவிவிடுவார். மூன்று முறை ரோட்டுக்குப் போய்விட்டார். மூன்றாவது முறை ஒரு லாரி அவருக்கு ஓரடி தூரத்தில் கிறீச்சிட்டு நின்றது.

மேனேஜர் நல்ல மனுஷிதான். ஆனால் பயந்துவிட்டார். இனி இவரைப் பூட்டிய பிரிவு உள்ள இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றார். அது பெரிய பாலத்தைத் தாண்டி வடக்கே. அங்கே அவருக்கு ஒரு கட்டில்தான் இருந்தது. படுக்கையில் இருக்கும் மனைவிக்கு இடம் இல்லை. அறுபது வருஷத்துக்கு மேல் ஒன்றாக இருந்தவர்களைக் கடைசியில் ஊரின் இரண்டு முனையில் போடப் போகிறோம். முடிவு செய்ய வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வருவதாக ஏற்பாடு.

மதிப்பீட்டாளருக்கான அறிக்கையை நான்தான் டைப் செய்தேன். 'எப்போது கிளம்புவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதவர்' என்று எழுதினேன். அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படித்தார்.

"நீயோ எழுதினனீ?"

"நிஜம்தானேக்கா? என்ன செய்யச் சொல்றீங்க? லாரி அடிச்சிருந்தா யாரு பதில் சொல்றது?"

"எல்லாத்துக்கும் ஒரு எல்லை இருக்கும் பிள்ளை. உனக்குத் தெரியேல்லை எண்டு எழுது. அவருக்கு இல்லை எண்டு எழுதாதை."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அவருடன் சரியாகப் பேசவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் பதினோராம் அறையிலிருந்து ஒரே சத்தம். போய்ப் பார்த்தால் இருவரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். உறுதியைச் சுத்தமாக நகலெடுத்து முடித்துவிட்டு அக்கா வாசித்திருக்கிறார். கிழக்கு எல்லை கடல் என்ற இடத்தில் தபால்காரர் தடுத்துவிட்டார். எப்போதும் கடல் இல்லை, சில நேரம் நிலம் என்கிறார். அக்கா விடுவாரா?

"எல்லை நகருமோ ஐயா? வேலியை அரை அடி நகர்த்தினதுக்கு எங்கடை ஊரிலை மூண்டு தலைமுறை வழக்காடியிருக்கினம். மேற்படி கடல் எப்பிடி நகரும்?"

யாழ்ப்பாணத்துக் கடல் அப்படி. ஏறுவதும் இறங்குவதும் ஒரு முழத்துக்குள் முடிந்துவிடும். அதை வைத்து வேலியே போடலாம். தபால்காரர் கைத்தடியால் தரையைத் தட்டினார். "போய்ப் பார்! நாளுக்கு இரண்டு முறை என் பாரிஷ் பெரிதாகிறது! போய்ப் பார்!" என்று ஜன்னலைக் காட்டினார்.

அக்கா பார்த்தார். நானும் பார்த்தேன். காலையில் தண்ணீர் தளும்பிய கழியில் ஒரு சொட்டு இல்லை. எதிர்க்கரை வரைக்கும் சேறு பளபளத்தது. நீளக்கால் பறவைகள் நடந்துகொண்டிருந்தன. தபால்காரர் தொப்பியைத் தேட ஆரம்பித்திருந்தார்.

"பிள்ளை" என்றார் அக்கா, குரலே மாறி. "உன்ரை பதிவேட்டைக் கொண்டா."

கொண்டுவந்தேன். அவர் கிளம்பப் பார்த்த நேரங்களை வாசிக்கச் சொன்னார். திங்கட்கிழமை பதினொன்று பத்து. செவ்வாய் பன்னிரண்டு. புதன் பன்னிரண்டு ஐம்பது. வியாழன் ஒன்று நாற்பது. வாசிக்க வாசிக்க எனக்கே வியர்த்தது. பதிவேட்டில் அத்தனை நாளும் கண்முன்னால் இருந்திருக்கிறது. நாளுக்கு ஐம்பது நிமிஷம், ஏறக்குறைய பிசகாமல், பிந்திக்கொண்டே போகிறது. மாலை இருட்டியதும் நின்றுவிடுகிறது. மறுபடி காலையிலிருந்து தொடங்குகிறது.

"வத்துப்பெருக்கு" என்றார் அக்கா. கடல் வற்றுவதும் பெருகுவதும். "கடல் வத்தேக்கை எழும்பிறார். அந்தத் திட்டுக்குத் தபால் கொண்டு போறார். இருட்டினாத் தபால் இல்லை. எத்தனை வரியமா உந்தச் சேத்தைப் பாக்கிறன், அது கடல் எண்டு எனக்குத் தெரியேல்லையே! எல்லை நகரும் பிள்ளை. எனக்குத்தான் தெரியேல்லை."

"சரிக்கா, ஆனா இது மேற்கு. அவர் ஊர்ல கடல் கிழக்கு."

அக்கா ஜன்னல் முன்னால் கடலைப் பார்த்து நின்றார். இரண்டு கையையும் விரித்தார். வெயில் அவருடைய வலது தோளில் விழுந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றவர் திரும்பிச் சிரித்தார். "அவரின்ரை ஊரிலை வெயில் தெற்காலை போகும். கிழக்கை கடலைப் பாத்தால் வெயில் வலக்கையிலை. இஞ்சை வெயில் வடக்காலை போகுது. மேற்கை பாத்தாலும் வலக்கையிலை. உடம்புக்கு எல்லாம் சரியாத்தான் தெரியுது. நாங்கள்தான் அவரைக் குழம்பினவர் எண்டு எழுதி வைச்சிருக்கிறம்."

நாங்கள் என்று அவர் சொன்னது பெருந்தன்மை. எழுதியவள் நான்தான்.

இரண்டு வாரம் கழித்து மதிப்பீட்டாளர் வந்த நாளில் அக்கா இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். மீன்பிடிச் சாமான் கடையில் வாங்கிய கடல் நேர அட்டவணை ஒரு கையில், மெனு காகித உறுதி மறு கையில். பொது அறையில் மேனேஜர், மதிப்பீட்டாளர், நான், அக்கா. ஒரு மூலையில் தபால்காரர் அமைதியாக உட்கார்ந்திருந்தார். மதிப்பீட்டாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிற ஆள். என் அறிக்கையை வாசித்து, அந்த வரியின் கீழே பேனாவால் கோடு போட்டார்.

அக்கா தன் உறுதி ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். மேற்படியார் இன்று மூன்று இருபதுக்கு எழுந்து தொப்பி மாட்டுவார் என்றார்.

மதிப்பீட்டாளர் புன்னகைத்தார். அது நல்ல புன்னகை இல்லை.

மணி மூன்று இருபது. தபால்காரர் அசையவில்லை. மூன்று இருபத்திரண்டு. மேனேஜர் தொண்டையைச் செருமினார். மூன்று இருபத்தைந்து. மதிப்பீட்டாளர் பேனாவைத் திறந்தார். அக்கா கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் தண்ணி கிடக்கு" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி தமிழில் சொன்னார்.

மூன்று இருபத்தேழு. தபால்காரர் எழுந்தார். தொப்பியை எடுத்து மாட்டினார். இடது தோளில் இல்லாத பையைச் சரிசெய்துகொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

மதிப்பீட்டாளரின் பேனா அப்படியே நின்றது. மேனேஜர் அவசரமாகக் கதவை மறிக்கப் போனார். "திறவுங்கோ" என்றார் அக்கா. பதற்றத்தில் தமிழ்தான் வந்தது. மேனேஜருக்குப் புரிந்துவிட்டது. எண்களை அழுத்திக் கதவைத் திறந்தார்.

அவர் முன்னால், நாங்கள் நான்கு பேரும் பின்னால். அக்கா ரோட்டுப் பக்கமாக அவர் தோளோடு ஒட்டி நடந்தார். ஒரு இடத்தில் மட்டும், "தபால் இந்தப் பக்கம்" என்று கழியோரப் பாதையைக் காட்டினார். அவர் ஆமோதித்துத் திரும்பினார். வெயில் வலது தோளில். முன்னால் தண்ணீர் விலகிய பளபளப்பு. அறைக்குள் தள்ளாடுகிற மனிதர், அங்கே இருபது வயதுக்காரர்போலக் கால் பதித்து நடந்தார். நாயோடு வந்த ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார்.

கழியோரப் பாதை எங்கள் வளாகத்தையே சுற்றிக்கொண்டு, பின்பக்கக் கட்டடத்தின் சின்ன வாசலில் வந்து சேரும். அக்கா முன்னால் ஓடிப்போய் அதைத் திறந்துவைத்தார். உள்ளே வரிசையாகக் கண்ணாடிக் கதவுகள். முதல் வீடு. இரண்டாவது. மூன்றாவது. தபால்காரர் ஒவ்வொன்றின் முன்னும் ஒரு விநாடி நின்று, குனிந்து, எதையோ வைத்துவிட்டு நகர்ந்தார். நாலாவது கதவைத் தட்டினார்.

அது நாலாவதாக இருந்தது தானாக நடந்ததில்லை. பத்து நாள் முன்பு, மேற்படி அம்மாளுக்கு வெளிச்சம் போதவில்லை என்று மேனேஜரைக் கெஞ்சிக் கட்டிலை அந்த அறைக்கு மாற்ற வைத்தவர் அக்கா. திட்டில் தபால்காரர் பிந்திய அந்த நாலாவது வீடு யாருடையது என்று அவர் ஊகித்திருந்தார்.

கதவு திறந்திருந்தது. அந்த அம்மாள் தலையணையில் திரும்பி, வாசலில் தொப்பியோடு நின்ற கணவரைப் பார்த்தார். அதிகம் பேசாத அந்த அம்மாள், தெளிவாக, கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னார்:

"பிந்திவிட்டாய். இனித் தண்ணீர் வந்துவிடும். திரும்பிப் போக முடியாது. இங்கேயே இரு."

தபால்காரர் தொப்பியைக் கழற்றினார். முகமெல்லாம் சிரிப்பு. "பிந்தட்டும் என்றுதான் மெதுவாக வந்தேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் அந்த இல்லத்தில் சேர்ந்ததிலிருந்து அவர் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

மேனேஜர் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார். மதிப்பீட்டாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கோப்பை மூடினார். "இவருக்குப் பூட்டு வேண்டாம். கூட நடக்க ஒரு ஆள் போதும்" என்றார். அக்கா ஜெயித்துவிட்டார். நான் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அக்கா என் முதுகில் தட்டிக்கொண்டே, "ஏழு நிமிசம் பிந்திப் போச்சு பிள்ளை" என்று குறைபட்டார்.

கையோடு என் மேஜைக்கு வந்தோம். அந்த வரியை நானே அழித்தேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்று, கண்ணை மூடி, ஒரு தடங்கலும் இல்லாமல் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். கீழே மேனேஜரும் மதிப்பீட்டாளரும் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார்கள். தபால்காரரும் மனைவியும் கடைசி வரைக்கும் பிரியாமல் அதே வளாகத்தில்தான் இருந்தார்கள், அந்த வரிகளும் அவருடைய கோப்பில் அதுவரைக்கும் இருந்தன:

'கிழக்கு எல்லை கடல். அது நாளுக்கு இரண்டு தடவை விலகும். பகலில் விலகும் வேளையெல்லாம், மேற்படியாருக்குத் தன் மனைவியின் வீட்டுக்கு நடந்து போக வழியுரிமை உண்டு.'